வண்டிக்கு ஒரு ஞானத் தகப்பன்

வென்செஸ்லாவோ கிஸ்பெர்ட் இன்ஜினியரிங் படித்தது இரண்டே செமஸ்டர். மூன்றாவது தொடங்குமுன் மாமனார் ஒரு பழைய கார் கடையை அவர் தலையில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இதனால் பொறியியலுக்கு நேர்ந்த இழப்பை எல் ஆல்ட்டோ நகரம் இன்றுவரை உணர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கடைப் பலகையில் "இன்ஜினியர் வெ. கிஸ்பெர்ட், வாகன ஆலோசனை மையம்" என்று ஆள் உயர எழுத்து நின்றது. மையம் என்பது ஆறு பழைய வண்டி, ஒரு நாய், கண்ணாடி போட்ட மேசை, கணக்கெழுதும் யோவானா. இன்ஜினியர் என்று கூப்பிட்டால் திரும்புவார். ஊர் வழக்கப்படி மரியாதையாக டோன் வென்செ என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

அந்த வியாழக்கிழமை அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. ஜூலையில் கார்மென் மாதா திருவிழா. கடை இருந்த அவென்யூவின் கார் வியாபாரிகள் அதற்கு ஒரு நடனக் குழு வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷமாகப் பின் வரிசையில், குழல்காரர்களின் எச்சில் தெறிக்கிற தூரத்தில் ஆடியவருக்கு இந்த வருஷம் முன் வரிசையில் ஒரு இடம் காலியாகியிருந்தது. வெல்வெட் அங்கி, வெள்ளிக் கிலுகிலுப்பை, பத்திரிகையில் போட்டோ. அந்த இடத்துக்கான பணத்தைச் சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் டயர் விற்கிற சாத்துர்னினோவுக்கு. டயர் விற்கிறவன் முன்னால் ஆட, ஒரு இன்ஜினியர் பின்னால் ஆடுவதை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பணம் வர ஒரே வழி அந்த வெள்ளை வேன்.

ஜப்பானில் ஓடி ஓய்ந்து, சிலித் துறைமுகம் வழியாக மலையேறி வந்த வேன் அது. வலப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கி இடப்பக்கம் நட்டிருந்தார்கள். பழைய இடத்து ஓட்டையை மாதா படம் மறைத்தது. இன்னொரு குறையை எந்தப் படமும் மறைக்கவில்லை. ஆள் நிறைந்து ஏற்றத்தில் போனால் மூன்றாவது கியர் நழுவி, வண்டி அப்படியே நின்றுவிடும். இது வென்செஸ்லாவோவுக்கும் அவருடைய மெக்கானிக்குக்கும் மட்டும் தெரியும். சமதரையில் பட்டுப் போல ஓடும். எல் ஆல்ட்டோ சமதரைதானே. பக்கத்து நகரமான லா பாஸ் பள்ளத்தில் இருக்கிறது, இறங்கினவன் ஏறித்தான் வரவேண்டும் என்பதெல்லாம் வாங்குகிறவன் பாடு.

வேன் விலையில் அவருக்குப் பெரிதாக லாபமில்லை. லாபம் கடனில் இருந்தது. வட்டி எவ்வளவு கூடுதலோ, தவணை எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு ஒரு பங்கைக் கடன் கம்பெனி கையெழுத்தான அன்றே அவர் கையில் கொடுத்துவிடும். அதனால் விலையில் அவர் தாராளமாக விட்டுக்கொடுப்பார். ஜனங்கள் கண்கலங்கி நன்றி சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கழுத்தை நீட்டுவார்கள்.

பத்து மணிக்கு டோன்யா எஃப்ரோனியா வந்தாள். சந்தையில் சுன்யோ விற்கிறவள், அதாவது பனியில் காயவைத்த உருளைக்கிழங்கு. மூட்டை மூட்டையாக விற்றுக் கொஞ்சம் சேர்த்திருந்தாள். பின்னால் புருஷன் செவேரோ, அடுத்தவன் வண்டியை இருபது வருஷம் ஓட்டி அலுத்தவன், ஒரு சாக்குப்பையைச் சுமந்துகொண்டு வந்தான். எஃப்ரோனியா வேனைச் சுற்றி நடந்தாள், கதவை முகர்ந்தாள், பாவாடைகளை ஒதுக்கிப் படியில் உட்கார்ந்தாள்.

"இது என்ன விலை, இன்ஜினியரே?"

"விலைன்னு ஒரே வார்த்தைல சொல்லிட முடியாதும்மா. அது ஒரு டெக்னிக்கல் விஷயம்."

"சொல்லுங்க. உட்கார்ந்துதானே இருக்கேன்."

"எட்டாயிரம் டாலர்."

"செவேரோ, எழுந்திரு, போலாம்."

"அவரு உட்காரவே இல்லையேம்மா."

"அதுதான் நல்லது. கிளம்ப வசதி."

முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. அவள் மூன்று முறை கிளம்பினாள், ஒரு முறை வாசல் நாய் வரைக்கும். ஆறாயிரத்து ஐந்நூறில் வென்செஸ்லாவோ நெஞ்சில் கை வைத்தார்.

"இதுக்குக் கீழ போனா என் படிப்புக்கே அவமானம்."

"படிப்புக்கு நான் எதுவும் சொல்லல. கொசுறு என்ன தருவீங்க?"

"வண்டிக்குக் கொசுறாம்மா?"

"ஒரு கிலோ கிழங்குக்கே நான் ஒரு பிடி போடுறேன். இவ்வளவு பெரிய வண்டிக்கு ஒண்ணுமே இல்லையா? பாக்கவே நல்லா இல்ல."

கால்மிதி தருவதாகச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார். யோவானா தவணைக் காகிதத்தை நீட்டினாள். மதிப்பீட்டுக் கட்டணம், ஃபைல் செலவு, நிர்வாகச் செலவு, நாலு வருஷம்.

"மொத்தம் எவ்வளவு வருது?" என்றான் செவேரோ. அன்று அவன் பேசிய முதல் வார்த்தை.

"மொத்தத்தைப் பாக்கக் கூடாது டோன் செவேரோ," என்றார் வென்செஸ்லாவோ. " மொத்தத்தைப் பாத்தா ஒருத்தனும் கல்யாணமே பண்ணிக்க மாட்டான். மாசத்தைப் பாருங்க."

செவேரோ மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். வென்செஸ்லாவோவின் மனக்கண்ணில் வெல்வெட் அங்கி அளவெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"ஜாமீன் யாரு?" என்றாள் யோவானா.

"எங்க பெரியம்மா மகன், டாக்டர் அப்பாசா. வக்கீலு. வந்துகிட்டே இருக்கான். ஜாமீனும் அவன்தான், வண்டிக்கு ஞானத் தகப்பனும் அவன்தான்," என்றாள் எஃப்ரோனியா. அங்கே வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சாக்குப்பைக்குள் என்ன இருக்கிறது என்று வென்செஸ்லாவோவுக்கு அப்போது புரிந்தது. பியர், காகிதத் தோரணம், பூ, வெடி. அந்த ஊரில் ஞானத் தகப்பன் ஞானஸ்நானம் பெறும் பிள்ளைக்கு மட்டுமில்லை. வீட்டுக் கூரைக்கு ஒருவர், பட்டமளிப்புக்கு ஒருவர், கேக் வெட்ட ஒருவர். வண்டிக்குக் கட்டாயம் ஒருவர். அவர் தோரணம் கட்டி, சக்கரத்தில் பியர் ஊற்றி, பூமித்தாய்க்குப் படைத்தால்தான் வண்டி அசையும். அப்புறம் அவர் அந்தக் குடும்பத்துக்குக் கொம்பாத்ரே. உடன்பிறந்தவன் மாதிரி, ஆனால் உடன்பிறந்தவனைத் தட்டிக் கழிக்கிற மாதிரி இவரைத் தட்டிக் கழிக்க முடியாது.

பன்னிரண்டாகியும் டாக்டர் வரவில்லை. போனை அணைத்து வைத்திருந்தான். எஃப்ரோனியா எழுந்தாள்.

"பூசை இல்லாம வண்டியைத் தொடக்கூடாது. வர்ற மாசம் வரோம், இன்ஜினியரே."

வர்ற மாசம் என்றால் சாத்துர்னினோ முன் வரிசையில் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருப்பான்.

"இருங்கம்மா," என்றார். "வண்டிக்கு எதுக்கு ஒரு வக்கீல்? அவனுக்குப் பிஸ்டன் தெரியுமா? நியாயமாப் பாத்தா ஒரு இன்ஜினியர்தான் நிக்கணும்."

"நிக்கணும்தான். ஆனா எங்கள மாதிரி ஆளுங்க உங்ககிட்ட வந்து எப்படிக் கேக்குறது?"

"கேளுங்களேன்!"

"கேட்டா மாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னா?"

"சொல்ல மாட்டேன், கேளுங்க!"

கேட்டாள். அவர் கொஞ்சம் யோசிப்பது போல மீசையைத் தடவிவிட்டு ஒப்புக்கொண்டார். ஜாமீன் பற்றி அவருக்குக் கவலையில்லை. அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒரு பெயரை எழுதிக்கொள்ளலாம். முன்பு ஒரு தடவை மாமனார் பெயரை எழுதியிருக்கிறார், அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து.

சடங்கை ஓரமாக, அடக்கமாகச் செய்கிற குணம் அவருக்கில்லை. அக்கம்பக்கத்து வியாபாரிகளுக்கெல்லாம் ஆள் அனுப்பினார். நடனக் குழுவின் பொருளாளர் டோன் இலாரியோன் வந்தார். சாத்துர்னினோவும் வந்தான். எழுத்துக்காரனைக் கூப்பிட்டு வேனின் பின் கண்ணாடியில் "ஞானத் தகப்பன்: இன்ஜினியர் வெ. கிஸ்பெர்ட்" என்று சிவப்பில் எழுதச் சொன்னார். முதலில் எழுதியது சின்னதாக இருந்தது என்று அழித்து, கண்ணாடி கொள்ளுமட்டும் பெரிதாக எழுதவைத்தார். வெடி வெடித்தது. நாய் ஓடியது. சக்கரத்தில் பியர் வழிய, அவர் பேசினார்.

"பெரியோர்களே! ஒரு வண்டியோட கௌரவம் அதோட ஞானத் தகப்பனோட கௌரவம். இந்த வண்டியில ஒரு குறை இருந்தா, அது என் குறை!"

கை தட்டினார்கள். சாத்துர்னினோ கொஞ்சம் அதிகமாகவே தட்டினான்.

அப்போது யோவானா காகிதங்களோடு வாசலுக்கு வந்தாள். அவளுக்குச் சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது.

"இன்ஜினியர், ஜாமீன் கட்டம் காலியா இருக்கு. யார் பேரு?"

கூட்டம் அவளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தது.

"இது என்னம்மா கேள்வி?" என்றார் டோன் இலாரியோன். "ஞானத் தகப்பன் பக்கத்துலயே நிக்கிறாரு."

"பேனா வேணுமா?" என்றான் சாத்துர்னினோ.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லி வென்செஸ்லாவோ காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், தலையில் பூவிதழோடு.

எத்தனையோ பேரை அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடவைத்திருக்கிறார். கட்டப்போகிறவனின் கண்ணால் அதை அவர் படித்தது அன்றுதான். செவேரோ கட்டாவிட்டால் இவர் கட்ட வேண்டும். வண்டி ஓடாவிட்டால் செவேரோ கட்ட மாட்டான். வண்டி ஓடாது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும், அதில் ஒருவர் இவர்.

"யோவானா, இந்த மதிப்பீட்டுக் கட்டணம் எதுக்கு?"

"நீங்க வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்தீங்கல்ல, அதுக்கு."

"அதுக்கா இவ்வளவு? அடிச்சுடு. ஃபைல் செலவு?"

"ஃபைல் வாங்குற செலவு."

"ஃபைலைத் தங்கத்துலயா செய்யறாங்க? அதையும் அடி. நிர்வாகச் செலவு?"

"அது எனக்கும் தெரியாது. நீங்கதான் போடச் சொன்னீங்க."

"அடி. இது என்ன வட்டி? மனுஷன் கட்டுற வட்டியா இது? நாலு வருஷம் எதுக்கு? ரெண்டு போதும். கம்பெனிக்குப் போன் போட்டு அடிவட்டிக்குக் கேளு."

"அடிவட்டின்னா உங்க பங்கு ரொம்பச் சுருங்கிடும், இன்ஜினியர்."

அவர் மொத்தத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே வேனைப் பார்த்தார். லா பாஸிலிருந்து மேலே வருகிற சாலையின் நடுவில், அத்தனை பஸ்ஸும் ஹாரன் அடிக்க, சிவப்பெழுத்தில் தன் பெயர் நின்றுகொண்டிருப்பதையும் பார்த்தார்.

"கேளு," என்றார்.

கம்பெனிக்காரன் சலித்துக்கொண்டே சம்மதித்தான். கையெழுத்தாயிற்று. எஃப்ரோனியா சாவிக்குக் கை நீட்டினாள். வென்செஸ்லாவோ சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மூணு நாள் கழிச்சு எடுத்துக்குங்க. ஒரு டெக்னிக்கல் சோதனை இருக்கு."

"கொம்பாத்ரே," என்றாள் அவள். இன்ஜினியர் என்ற சொல் அவள் வாயிலிருந்து போயே போய்விட்டது. "குறை ஏதும் இருக்கா? இருந்தா உங்க குறைன்னு இப்பத்தானே பேசினீங்க?"

"குறை இல்ல. கியர் பாக்ஸ் ஒண்ணு மட்டும் புதுசாப் போட்டா, இன்னும் குறையில்லாம இருக்கும்."

"அதுக்கு நாங்க எவ்வளவு தரணும்?"

கூட்டம் பியரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தது.

"கொசுறு," என்றார் வென்செஸ்லாவோ.

அவள் ஆயுள் முழுக்கக் கொசுறு கேட்டவள், கொசுறு கொடுத்தவள். கியர் பாக்ஸை யாரும் போட்டதில்லை. அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். செவேரோ தொப்பியைக் கழற்றினான். இது முதலிலிருந்தே அவள் போட்ட திட்டமா, டாக்டர் அப்பாசா என்று ஒருவன் இருக்கிறானா என்று பிற்பாடு வென்செஸ்லாவோ பல ராத்திரி யோசித்தார். இருக்கிறான். அன்று அவன் பல்வலியில் படுத்திருந்தான். ஏமாற்றப்பட்டோம் என்ற ஆறுதல்கூட அவருக்கு இல்லை.

கம்பெனி கொடுத்த பங்கு கியர் பாக்ஸுக்கே போதவில்லை. மீதியைக் கைக்காசிலிருந்து போட்டார். திங்கட்கிழமை மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றி, செவேரோ ஓட்ட, தானே பக்கத்தில் உட்கார்ந்து லா பாஸுக்கு இறங்கி ஏறிப் பார்த்தார். மூன்றாவது கியர் நழுவாமல் நின்றது. ஏற்றம் முடியும்வரை அவர் மூச்சு விடவில்லை.

குழுவுக்குப் பணம் கட்ட வேண்டிய சனிக்கிழமை வந்ததும் போனதும் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

திருவிழா அன்று சாத்துர்னினோ முன் வரிசையில் வெல்வெட்டில் போனான். வென்செஸ்லாவோ வழக்கமான இடத்தில், குழல்களுக்கு நடுவே, போன வருஷத்து அங்கியில் ஆடினார். பாதி வழியில் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. பாண்டு வாத்தியக்காரர்களின் முரசுகளை ஏற்றிக்கொண்டு வெள்ளை வேன் ஊர்ந்து வந்தது. ஒழுங்கு செய்கிறவர்கள் வழி விட்டார்கள். வேன் அவரைக் கடந்து, வரிசை வரிசையாகக் கடந்து, முன் வரிசைக்கும் முன்னால் போய் நிற்கக் கிளம்பியது. பின் கண்ணாடியில் அவருடைய பெயர் பெரிதாகப் போய்க்கொண்டிருந்தது.

"கொம்பாத்ரே! உங்க பேரு முன்னால போகுது, நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று ஒரு குழல்காரன் கத்தினான். அவென்யூவில் இப்போது எல்லோருக்குமே அவர் கொம்பாத்ரேதான்.

வேன் ஜன்னலிலிருந்து எஃப்ரோனியாவின் கை நீண்டது. கையில் ஒரு பை.

"கொம்பாத்ரே! கியர் அருமையா இருக்கு. இந்த மாசத் தவணை நேத்தே கட்டியாச்சு. இது கொசுறு!"

பத்தடி தூரத்தில் போட்டோக்காரன் ஒருவன் நின்றிருந்தான். வென்செஸ்லாவோ காது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாலடி ஆடிப் பார்த்தார். பை இறங்கவில்லை. ஒரு கையில் கிலுகிலுப்பை இருந்தது. மறு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஐந்து கிலோ சுன்யோ இருக்கும். மீதி ஊர்வலம் முழுக்க உருளைக்கிழங்கைத் தோளில் போட்டுக்கொண்டே ஆடினார். தாளம் தப்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.