ஆள் போய்ச் சொல்லாத வீடு

பெட்டியின் தலைமாட்டில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியின் வயரைக் காலால் ஒதுக்கிவிட்டு, தட்டில் இருந்த பத்துக் கோப்பைத் தேநீரும் தளும்பாமல் முற்றத்துப் பந்தலுக்குக் கொண்டுபோனாள் றெஜினா. காலையிலிருந்து இது எட்டாவது தட்டு. அப்பா இறந்து முப்பது மணித்தியாலம் ஆகிறது. அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் சீனி காணுமா, காணாதா என்பதுதான். அழுகை வரும் வரும் என்று அவளும் பார்த்தாள். வந்தபாடில்லை.

பெட்டிக்குள் சவிரிமுத்து வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாய்க் கிடந்தார். எழுபத்தொன்பது வயது. வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவர் தவறவிட்டதாக ஒருவரும் சொல்லமுடியாது. கோயிலில் எதையாவது முன்னின்று நடத்தினார் என்றும் ஒருவரும் சொல்லமுடியாது. பிரசங்கத்தில் சேர்ப்பதற்கு ஐயாவின் வாழ்க்கையில் ஏதாவது சம்பவம் உண்டா என்று காலையில் பாதர் வந்து கேட்டபோது, றெஜினாவும் அண்ணன் கொலின்ஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நல்லா வெங்காயம் செய்வார் பாதர்," என்றான் கொலின்ஸ் கடைசியில். பாதர் அதையும் குறித்துக்கொண்டு போனார்.

ஒன்றரை மணிக்கு மூப்பர் மனுவேல் வந்தார். ஊரில் எந்தச் சாவீடானாலும் செபம் சொல்லுவதும் ஒழுங்கு பார்ப்பதும் அவர்தான். கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் பார்ப்பதற்காகக் கைத்தொலைபேசியை ஒரு தடியில் பூட்டிக்கொண்டிருந்த கொலின்ஸை அவர் கைகாட்டிக் கூப்பிட்டார். றெஜினாவும் வெறும் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூண்டு மணிக்குப் பெட்டி மூடுறம். முதல் அம்மா, பிறகு நீங்கள், பிறகு கூடப்பிறந்தவை முகம் பாக்கவேணும். ஐயாவின்ரை தம்பியார் எங்கை?"

கொலின்ஸ் வேலிப் பக்கம் நாடியால் காட்டினான். "அங்காலைதான் இருக்கிறார்."

"அது எனக்கும் தெரியும் தம்பி. ஆர் போய்ச் சொன்னது?"

"நீங்கள் சொல்லியிருப்பியள் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

"உரித்துக்காரருக்கு நான் ஏன் சொல்லுறன்? வீட்டாக்கள்தான் போகவேணும்." மூப்பர் றெஜினாவைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்தாள்.

இந்த ஊரில் ஒரு சாவு காதில் விழுவது வேறு, சொல்லப்படுவது வேறு. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, சவிரிமுத்துவின் பேரை நேற்று முழுக்க ஒழுங்கை ஒழுங்கையாய்ச் சொன்னார்கள். தம்பி யாகப்புவின் வாசல் படலையடியில் ஓட்டோ திரும்பக் கஷ்டப்பட்டு, பேரை மூன்று தரம் சொல்லவேண்டியும் வந்தது. ஆனால் அது ஊருக்குச் சொன்னது. இரத்த உறவான உரித்துக்காரர் வீட்டுக்கு ஒரு ஆள் நடந்து போய், நேரே நின்று, வாயால் சொல்லவேண்டும். சொல்லாமல் அவர்கள் வரமாட்டார்கள். வந்தால், அழைக்காமலே ஓடிவந்தவர்கள் என்ற கதை பேரப்பிள்ளைகளின் கலியாணம் வரைக்கும் நிற்கும்.

அதுவும் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சில்லாமல் இருபத்தெட்டு வருடம். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீடுகள் இருந்தன, வேலி இல்லை. யாகப்பு புதிதாய் நட்ட வேலிக் கதியால் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது என்றார் அப்பா. வரவில்லை என்றார் யாகப்பு. யார் சொன்னது சரி என்று றெஜினாவுக்கு இன்றைக்கும் தெரியாது. சண்டைக்குரிய அந்த ஒரு முழத்தில் இப்போது நாயுண்ணிப் பற்றை வளர்ந்து கிடக்கிறது.

இருவரும் ஒரே கோயிலுக்குத்தான் போனார்கள். அப்பா வலப்பக்கக் கதவடியில் நிற்பார், யாகப்பு இடப்பக்கத் தூணடியில். நற்கருணை வாங்கப் போகிற வரிசையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் எப்போதும் நாலு பேராவது நிற்பார்கள். தாங்கள் எதற்காக அங்கே நிற்கிறோம் என்பது அந்த நாலு பேருக்கும் தெரியும்.

"இப்ப போய்க் கூப்பிட்டு, அவர் வரமாட்டன் எண்டால்?" என்றான் கொலின்ஸ். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "முழு ஊரும் இருக்குது. கனடாவிலை இருந்தும் பாத்துக்கொண்டிருக்கினம். செத்த பிறகும் அப்பாவுக்கு ஒரு அவமானம் வேணுமோ?"

"வராட்டில் அவரின்ரை பிழை," என்றார் மூப்பர். "சொல்லாமல் விட்டால் உங்கடை பிழை. மூண்டு மணிக்குப் பிறகு அந்த முகத்தை நீங்கள் நினைச்சாலும் காட்டேலாது."

பெட்டியடியில் பாயில் இருந்த லூர்த்தம்மா செபமாலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மறுபடி மணியை உருட்டத் தொடங்கினாள்.

றெஜினா தட்டைக் கதிரையில் வைத்தாள்.

"எங்கை போறாய்?" என்றான் கொலின்ஸ்.

"சொல்லப் போறன்."

வேலியைப் பிரித்தால் பத்து அடி. ஒழுங்கையால் சுற்றிப் போனால் ஐந்து நிமிடம். வெயில் நடுமண்டையைப் பிளந்தது. வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தவள் றெஜினாதான். சித்தப்பாவிடம் என்ன சொல்லுவது என்று அவள் யோசிக்கவில்லை. பின்னேரம் அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு வருகிற சனத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்தாயிற்றா என்று யோசித்துக்கொண்டு போனாள்.

யாகப்புவின் படலை திறந்து கிடந்தது. விறாந்தையில், படலையைப் பார்த்துப் போட்ட கதிரையில் அவர் இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாய்த் தனி ஆள். மினுக்கிய வெள்ளைச் சட்டை, நீர் போட்டுப் படிய வாரிய தலை, புதிதாய்ச் சவரம் செய்த நாடியில் ஒரு சிறிய வெட்டு. மடித்த குடை மடியில் இருந்தது. பக்கத்து ஸ்ரூலில் பிரிக்காத மெழுகுதிரிப் பெட்டி ஒன்று. நேற்று வாங்கியதாக இருக்கவேண்டும். இன்று ஊரில் கடை திறக்கவில்லை.

இந்த மனிதர் எப்போதிருந்து இப்படி இருக்கிறார் என்று நினைத்தபோது றெஜினாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"வா பிள்ளை," என்றார். "இரு."

அவள் இருக்கவில்லை. சாவு சொல்லப் போகிறவர்கள் இருப்பதில்லை. அது அவருக்கும் தெரியும், மறுமுறை சொல்லவில்லை.

"என்ன விசயம்?"

வேலிக்கு அப்பால் ஒலிபெருக்கியில் மரித்தோர் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பந்தலில் யாரோ கதிரை இழுக்கிற சத்தம்கூட இங்கே கேட்டது. குத்திக்காட்டத்தான் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியொன்றும் இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வாயைத் திறந்தவளுக்குச் சொல் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. இதை அவள் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்கு அறிவித்தவன் கொலின்ஸ். ஊருக்கு அறிவித்தது ஓட்டோ. ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்து அவளுக்கே சொன்னது ஒரு மிஸ்ஸி. அவளுடைய வாயால் இது இன்னும் நடக்கவில்லை.

"அப்பா..." என்றாள். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா மோசம் போயிட்டார் சித்தப்பா. வரவேணும்."

யாகப்பு தலையை ஆட்டினார். "எப்ப?"

"நேற்றுக் காலமை. ஏழரைக்கு."

"என்ன வருத்தம்?"

"நெஞ்சுச்சளி. பிறகு மூச்சு எடுக்கேலாமல் போட்டுது."

"ஆர் பக்கத்திலை நிண்டது?"

"நான்."

"கஷ்டப்பட்டவரோ?"

"வியாழக்கிழமை வரைக்கும் கஷ்டப்பட்டவர். பிறகு இல்லை."

ஒவ்வொரு கேள்விக்கும் அவள் மறுமொழி சொல்லச் சொல்ல, அவர் மடியிலிருந்த குடையின் பட்டியை விரலால் நீவிக்கொண்டிருந்தார். கேள்விகள் தீர்ந்துபோயின. போகலாம் என்று அவள் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அம்மாவுக்கும் கொலின்ஸுக்கும்கூடச் சொல்லாத ஒன்று இருந்தது.

"வியாழக்கிழமை உங்களைக் கேட்டவர், சித்தப்பா. யாகப்பு வந்தவனோ எண்டு."

விரல் நின்றது.

"சித்தப்பா வந்தவர் அப்பா, நீங்கள் நித்திரை, பாத்திட்டுப் போயிட்டார் எண்டு சொல்லிப்போட்டன். பொய்தான். உங்களுக்கு ஒருதரும் அறிவிக்கேல்லை. நானும் அறிவிக்கேல்லை."

"அதுக்கு அண்ணை என்ன சொன்னவர்?"

"எழுப்பியிருக்கலாமே எண்டவர்."

வேலிக்கு அப்பால் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. யாகப்பு குடையைத் தரையில் ஊன்றி எழும்பினார். எழும்பி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வந்திருந்தால் எழுப்பியிருப்பன்," என்றார்.

மெழுகுதிரிப் பெட்டியை எடுத்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டார். கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார், மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"நீ முன்னுக்கு நட பிள்ளை."

றெஜினா நடந்தாள். பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் வந்தது, இடையிடையே குடை ஊன்றுகிற சத்தமும். சந்தி தாண்டி, அவர்களுடைய ஒழுங்கைக்குள் திரும்பியதும் பந்தலும் வாழைமரமும் தெரிந்தன. கதிரைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஓரிருவர் எழும்பினார்கள். கொலின்ஸ் படலைக்கு ஓடிவந்து நின்றான்.

பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

அவளும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் கொலின்ஸ் என்னவோ கேட்டுக் கையைக் காட்டினான். அவள் அசையவில்லை. வெயில் பிடரியில் ஏறியது. மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டுவதை உணர்ந்தும் துடைக்காமல், காதைப் பின்னுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கனநேரத்துக்குப் பிறகு மணலில் குடை ஊன்றுகிற சத்தம் ஒன்று கேட்டது, அதன்பின் ஒரு செருப்பு. அவள் அடுத்த அடியை எடுத்துவைத்தாள்.