மூன்று குழாய் மீதி

ஊன்றுகோல் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் கிடந்த, இறந்தவரைச் சுமந்துபோகும் காலிச் சந்தூக்கின் ஒரு முனையை ரிஃபாத் தூக்கிப் பார்த்தான். முனை எழுந்தது; அவன் சாய்ந்தான். பெரியப்பா பஸ்யூனி அக்குளில் கைகொடுத்து நிறுத்தினார்.

“உன்னைத் தூக்கவே நாலு பேர் வேணும். போய் உக்காரு.”

உட்கார்ந்தான். இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பைப் பிடித்து நிறுத்த மூன்று இரும்பு வளையங்கள். பைக் விபத்து நடந்து ஒரு வருடமாகியும் எலும்பில் கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி. இரண்டு ஆபரேஷனிலும் ஒட்டவில்லை. மூன்றாவதிலும் ஒட்டாவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள், பழைய நாற்காலியைப் பற்றிப் பேசுகிற அமைதியோடு.

உள்ளே அப்பாவின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக்கடை ஷஹாத்தா, காலையில் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். வாடிக்கையாளரின் சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தன்தா ஊரில் துக்கத்துக்கு வருகிற எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான். “மீதி உன் ஆயுள்ல சேரட்டும்.” போனவர் வாழாமல் விட்டது இருப்பவனுக்கு. “உங்க ஆயுள்தான் மீதி” என்று பதில் சொல்ல வேண்டும். முப்பது தடவை சொல்லியாயிற்று.

போன் அடித்தது. அதில் ஸ்பீக்கர் மட்டுமே வேலை செய்யும்.

“ரிஃபாத், டாக்டர் ஷைமா பேசறேன். வியாழக்கிழமை ஆபரேஷன், ஞாபகம் இருக்குல்ல? வெறும் வயித்தோட வாங்க. அப்பா ரத்தத்துலேந்து எலும்பு வளர்றதுக்கான சத்தைப் பிரிச்சு உறைய வெச்ச மூணு குழாயும் பத்திரமா இருக்கு. எலும்புத் தூளோட கலந்து அந்த இடைவெளியில வெக்கப்போறோம். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, சிரிக்க வெப்பாரு.”

“சரி டாக்டர்” என்றான்.

வாசலே அவனைப் பார்த்தது. இரண்டு மாதத்துக்கு முன், மகனுடைய ரத்தம் இதற்குப் போதாது என்றதும் அப்பா சட்டைக்கையை மடித்தார். “என்னையும் தேய்ச்சு மடிச்சு வெச்சுக்கங்க டாக்டர். வேணுங்கறப்ப எடுத்துக்கலாம்.”

“என் தம்பி ரத்தம் இன்னும் அங்க இருக்கா?” என்றார் பெரியப்பா. “ஐஸ்பெட்டியில, மீன் மாதிரி? அஸர் தொழுகைக்கு முன்னாடி போய் வாங்கிட்டு வா. மனுஷனை முழுசாப் பொதைக்கணும். நீ உறிஞ்சினது போதும்.”

காலையிலிருந்து ரிஃபாத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தக் கடைசி வார்த்தைதான். ஊன்றுகோலை எடுத்தான்.

“எங்கடா கிளம்பிட்ட?” அம்மா இன்சாஃப் நிலைப்படியில் நின்றாள். கையில் அப்பாவைச் சுற்றப்போகிற கஃபன் துணியின் கிழித்த ஓரம். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “பெரிய அத்தான், காலையிலேந்து இவன்கிட்ட எத்தனை தடவை ‘மீதி உன் ஆயுள்ல’ன்னு சொன்னீங்க?”

“மூணு நாலு தடவை. சொல்லணும்ல?”

“சும்மா வாய்க்குச் சொன்னதா?”

பெரியப்பா தாடியைத் தடவினார்.

“நீங்கள்லாம் வாயால குடுத்தீங்க. அவரு அளந்து ஊத்திக் குடுத்துட்டுப் போயிருக்காரு. அதைப் போய் மண்ணுல ஊத்தணுமா?”

உள்ளிருந்து தூக்க ஆள் கூப்பிட்டார்கள். சந்தூக்கு எழுந்தபோது பெரியப்பா ரிஃபாத்தின் ஒரு கையைப் பிடித்து அதன் பின்முனையில் வைத்தார்.

“தூக்காத. தொட்டுக்கிட்டு வா.”

அடக்கம் முடிந்து சாயங்காலம் திரும்புகிற வழியில் ரிஃபாத் கடையைத் திறந்தான். ஆணியில் அவனுடைய கால்சட்டை. வியாழக்கிழமைக்காக அப்பா காலையில் தேய்த்து மாட்டியது. ஆஸ்பத்திரிக்கு அங்கியோடு போனால் நோயாளி என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. வளையங்களுக்காக இடது காலின் முன்பக்கத்தில் ஜன்னல்போல வெட்டியிருந்தது. மடிப்பு தொடையிலிருந்து நேராக இறங்கி, துணி இல்லாத இடத்தைத் தாண்டி, கீழே அதே கோட்டில் தொடர்ந்தது.