இடப்பக்கச் செயின்

…மணல்தான், வேறென்ன, கடற்கரையில் மண் வெட்டுகிற பெக்கோ மிசினில் மணல் கடிபடாமல் மல்லிகைப்பூவா கடிபடும் என்று வேலப்போடி அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன், ஆனால் பின்னால் எடுக்கும்போது, சில்லுக்கு மேலே சுற்றி ஓடுகிற இடப்பக்கச் செயினில் ‘டொக்’ என்று ஒன்று கேட்டதே, அது மணலின் சத்தமில்லை, மணல் நறநறக்கும், ஒரு தடவை டொக்கென்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளாது… எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருசம் இந்த இருக்கையில், ஸைனுலாப்தீன் மிசினைக் காதால் ஓட்டுகிறவன் என்று கல்முனையிலிருந்து இறக்காமம் வரைக்கும் சொல்வார்கள், சொல்லட்டும், உண்மைதானே. நாலு நாள் மாரிமழை முழுவதும் ஊர்த் தண்ணீர் வடிகிற தோணாவுக்குள் நிரம்பி நிற்கிறது, கடலுக்கும் அதற்கும் நடுவே இந்த மணல்திட்டு ஒன்றுதான், காலையிலிருந்து வெட்டி முக்கால்வாசி முடித்துவிட்டேன், கடைசிக் கட்டு மட்டும் மிச்சம். அஸர் தொழுகைக்கு முதல் தோணாவின் வாய் திறக்கும் என்று பள்ளிவாசலடியில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னவன் நான்.

போன் அதிர்கிறது, ஸம்ஸியா. “இஞ்ச, தண்ணி ரெண்டாம் படியில நிக்கிது, இன்னும் ஒரு படிதான் மிச்சம்.” “பயப்படாத கா, அஸருக்கு முதல் கடல் இழுத்திரும்.” வைத்துவிட்டேன். தோணா ஓரத்து வீடு, அவளுடைய வீடு, சீதனமாகக் கொடுத்தது, ஊர் வழக்கப்படி அந்த வீட்டுக்குப் போய் ஏறிய மாப்பிள்ளை நான், பதினாலு வருசமாக அவள் கூரைக்குக் கீழே படுக்கிறவன், உடைந்த ஓடு நாலு மாற்றியதைத் தவிர அந்த வீட்டுக்கு என்ன செய்திருக்கிறேன்… இன்றைக்குச் செய்கிறேன், இன்றைக்கு அதைக் காப்பது நான்தான். ஆனால் அந்த டொக். கடைசிக் கட்டை அறுத்ததும் தண்ணீர் பொறுமையாக நிற்காது, இரண்டு கரையையும் தின்றுகொண்டு வரும், அந்த நேரத்தில் செயின் கழன்றால் பெக்கோவும் நானும் நேரே கடலுக்குள்தான்.

சரி, பார்த்துவிடுவோம். வாளியை மணலில் ஊன்றி இடப்பக்கத்தைத் தூக்கிவிட்டு இறங்கினேன். வலப்பக்கச் செயின் ஒன்றரைச் சாண் தொங்கும், இது இரண்டரைச் சாண் தொங்குகிறது, காலையில்தானே கிரீஸ் அடித்து இறுக்கினேன்? செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்சனர் இருக்கும் துவாரத்துக்குள் விரலை விட்டால் கிரீஸ் கறுத்துத் தொதல் மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது, உள்ளே அடித்ததெல்லாம் வெளியே. நேற்றும் அடித்தேன், முந்தநாளும் அடித்தேன். மழைக்கு முதல் இறக்காமத்தில் வாய்க்கால் துப்புரவாக்கும்போது செயினைத் தளரவிட்டது நான்தான், சேற்றில் வேலை செய்கிற எவனும் தளரத்தான் விடுவான், சேறு உள்ளே அடைந்து தானாக இறுக்கும், அதனால் தொய்வைக் கண்டபோது என் கைவேலை என்றுதான் நினைத்தேன்… நினைத்தேனா, நினைக்கப் பிரியப்பட்டேனா? அங்கே செயினைப் பிடித்துக்கொண்டிருந்தது டென்சனர் இல்லை, இறக்காமத்துச் சேறு. மழையில் கழுவுப்பட்டுப் போனதும் வண்டவாளம் தெரிகிறது. ஸம்ஸியாகூடச் சொன்னாள், சேட்டைத் துவைக்க எடுத்துக்கொண்டு, “மூணு நாளா ஒரே கையில கிரீஸ், அந்த மிசினுக்கு என்ன வருத்தம்?” என்று. ஒண்டுமில்ல, நீ சோத்தப் போடு என்றேன்.

வேலப்போடி அண்ணன் பாண்டிருப்புக்காரர், கடலைப் பார்த்துச் சொல்வதற்கென்றே கூட்டிவந்திருக்கிறார்கள். “தம்பி, கடல் அடங்கி நிக்கிது, இப்ப வெட்டினாத்தான் இழுக்கும். மிசினுக்கு என்னவும் வில்லங்கமா?” “ஒண்டுமில்ல அண்ணே, மணல்.” வேறு மிசின் வருவதென்றால் நாளைக்குத்தான், நாளைக்கு அவள் அடுப்படியில் மீன் நீந்தும். என்னால் முடியும். டென்சனர் போன செயின் கழலுவது கிறுகித் திரும்பும்போதும் பின்னுக்கு வரும்போதும்தான், நேரே முன்னுக்கு ஓடினால் கொஞ்ச நேரம் தாங்கும்… ஆகவே கட்டை அறுத்த பிறகு கிறுகாமல் விட்டால் சரி. கிரீஸ் கன்னை எடுத்து இன்னொரு தடவை விம்ம விம்ம அடித்தேன், அரை மணித்தியாலம் உள்ளே நின்றால் போதும். பெக்கோவின் முகத்தை றோட்டைப் பார்க்க மெல்ல மெல்லத் திருப்பி நிறுத்திவிட்டு, மேல்பகுதியை மட்டும் பின்னால் சுழற்றி, கையை நீட்டி வெட்டத் தொடங்கினேன். பிஸ்மில்லாஹ். ஒரு வாளி, இரண்டு வாளி, ஐந்து… ஆறாவதில் தண்ணீர் நூலாக வந்தது, பிறகு கயிறாக, பிறகு மணல் முழுதாக இடிந்தது.

மேல்பகுதியைத் திரும்ப முன்னால் சுழற்றி, செயின் ஓட்டுகிற இரண்டு கம்பையும் முன்னுக்குத் தள்ளி, நேரே, நேரே, கிறுகாதே, கரையில் ஆக்கள் கத்துகிறார்கள், டொக், இருடா, டொக் டொக், இருடா என் ராசா, பின்னால் நான் நின்ற இடம் இப்போது இல்லை, நெஞ்சு அடிக்கிறதா செயின் அடிக்கிறதா, இன்னும் பத்துப் பாகத் தூரம், ஐந்து… கடினமான தரை. ஏறிவிட்டேன்! ஏறிய மிதப்பில் றோட்டோரமாக ஒதுக்கலாமென்று ஒரு சின்னத் திருப்பு, ஒரு முழம் கூட இல்லை, இடப்பக்கச் செயின் முன்சில்லிலிருந்து வழுகி அப்படியே தரையில் படுத்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினேன். தோணா கடலுக்குள் கொட்டுகிற இரைச்சல், அல்லாஹு அக்பர் என்று ஊர் முழுக்கச் சத்தம்.

இறங்கிச் செயின்மேலேயே குந்தினேன். நான்தானே, நான்தானே செய்தேன், ஓம், ஆனால் அந்த ஒரு முழத் திருப்பு இருபது பாகம் முந்தி வந்திருந்தால்? போன் அதிர்ந்தது. “தண்ணி இறங்குது, அல்ஹம்துலில்லாஹ், முதலாம் படி தெரியிது!” அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. “நீங்க நல்லமா? மிசின் நல்லமா?” வேலப்போடி அண்ணன் பக்கத்தில் வந்து நிற்கிறார், செயினைப் பார்க்கிறார், மறுகா என்னைப் பார்க்கிறார். “ஒண்டுமில்ல கா” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது… இந்தக் காதுக்கு ஒரு பழுதுமில்லை, மூன்று நாளும் எல்லாம் கேட்டுத்தான் இருக்கிறது. அவள் இன்னும் வைக்கவில்லை, அந்தப் பக்கத்தில் மூச்சுக் கேட்கிறது, நான் அடுத்ததாக என்ன சொல்வேன் என்று காத்திருக்கிறாள்.