முந்தி ஊதிய கொம்பு

ஓய்வுநாளுக்கு முந்தின நாள், பொழுது விடிந்து ஒன்பதாம் மணியில், வெயில் சாயத் தொடங்கும்போது, யெத்தேர் கண்ணை மூடினான். சாவுக்கு நேரம் காலம் ஏது? சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால் ஓய்வுநாள் பிறந்துவிடும். அப்புறம் மறுநாள் அந்தியில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை குழி தோண்டக் கூடாது. செத்தவனை இரவு முழுக்க வெளியே போட்டுவைப்பதோ பெரிய அவமானம். இருட்டுமுன் புருஷனை மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர மில்க்காளுக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் இன்னும் அழக்கூட இல்லை.

ஊருக்கு வெளியே கொழுந்தன் பேரேசும் இரண்டு ஆட்களும் தோண்டினார்கள். பாறை நிலம். வானம் வேறு மூடிக்கிடந்தது. நிழல் விழுந்தால்தானே பொழுதை அளக்க முடியும்?

"இன்னும் எவ்வளவு வெளிச்சம் இருக்கு, பேரேசு?"

"என்னைக் கேட்டா? அந்த மேகத்தைக் கேளுங்க, மதனி."

குழி முழங்கால் ஆழம் வந்தபோது, ஓய்வுநாள் பிறந்ததை அறிவிக்கும் கொம்பு ஊருக்குள் முழங்கியது. அதை ஊதும் எல்நாத்தான் மகா பயந்தாங்கொள்ளி. சூரியனைக் காணோமென்றால் விழுந்தேவிட்டது என்று முடிவுகட்டுகிற ஆள். ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். வீடுகளில் விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மேகம் கிழிந்தது. மலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சூரியன் சுள்ளென்று நின்றது. பாடையில் கிடந்தவன் முகத்தில் வெயில் அடித்தது.

"தோண்டுங்கப்பா! பொழுது கிடக்கே!"

பேரேஸ் தலைகுனிந்தான். "ஊதியாச்சே, மதனி. ஊரே ஓய்வுநாளை ஏத்துக்கிட்டாச்சு. போட்ட மண்வெட்டியை எப்படி எடுக்கிறது?"

எல்நாத்தான் மூச்சிரைக்க ஓடிவந்தான். "தப்பாயிடுச்சும்மா. இருட்டின மாதிரிதான் இருந்துச்சு."

"அப்ப ஊதினதைத் திருப்பி உள்ள இழு, பாப்போம்!"

அவன் கொம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

மில்க்காள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் குதித்தாள். ஆண்கள் நால்வரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் இறங்கவும் இல்லை. பாறை பேருக்குத்தான் பெயர்ந்தது. உள்ளங்கை கிழிந்து மண்வெட்டிக் காம்பெல்லாம் ரத்தமாயிற்று. மலை மெல்ல மெல்லச் சூரியனை விழுங்கிக்கொண்டிருந்தது.

இருட்டியபோதும் குழி அவள் முழங்காலைத் தாண்டவில்லை. நாய்கள் தூரத்தில் குரைக்கத் தொடங்கின. அவள் ஏறிவந்து, முக்காட்டை உருவிப் பிணத்தின்மேல் போர்த்தினாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"உங்க ஒவ்வொருத்தன் கிணத்தையும் தோண்டிக் குடுத்த மனுசன்டா இவரு," என்றாள்.