இடது பின்சக்கரம்

முதலில் அந்த வளைவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பந்தயத் தளத்தின் நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் தரை கீழே சரிகிறது. சரிந்துகொண்டே வலப்பக்கம் திரும்புகிறது. திருப்பத்தின் வெளிப்புறம் வெறும் கான்கிரீட் சுவர். ஓட்டுநர்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தப்பு செய்தால் மன்னிக்காது. செய்யாவிட்டாலும் ஒரு முறை முறைத்துப் பார்க்கும்.

காலையில் நடந்த முதல் ஓட்டத்தில் என் அக்கா ஓட்டிய கார் அங்கே வாலைச் சுழற்றியது. எங்கள் கொட்டகையிலிருந்து அந்த வளைவு தெரியாது, காதால்தான் கேட்டோம். இன்ஜின் சத்தம் சட்டென்று தணிந்தது. டயர்கள் கிறீச்சிட்டன. பிறகு ஒன்றுமே இல்லை. அத்தான் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றார். இன்ஜின் மறுபடி உறுமிய பிறகுதான் அந்தத் துணி கீழே விழுந்தது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். பட்டறை அவருடையது, கார் அவர் கட்டியது. சக்கரங்களை நேர்படுத்தும் வேலை மட்டும் என்னுடையது. பிற்பகலில் மூன்றாவது ஓட்டம் இருந்தது. அதை வைத்துத்தான் ஒரு பெரிய பந்தயக் குழு அடுத்த வருடத்துக்கு ஒரே ஒரு ஓட்டுநரை எடுக்கப்போகிறது. ஆகவே அக்கா எப்படியும் இறங்குவாள். அதே காரில், அதே வளைவில், அந்தச் சுவரை ஒட்டி.

கார் வந்து நின்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"காலை எடுத்தியா?" என்றார் அத்தான்.

"எடுத்தேன். முன்னாடி போனவன் புழுதியைக் கிளப்பிட்டான். கண்ணே தெரியல. எடுக்காம?"

"நடு வளைவுல ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்காதன்னு எத்தனை தடவை சொல்றது? எடுத்தா பாரம் முன்னாடி போகும், பின்னாடி லேசாகும், வால் வீசும். எந்த கார்னாலும் அப்படித்தான்."

"போன தடவை இங்க வந்தப்பவும்தான் எடுத்தேன். வீசலையே."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் கோணலா இல்லையான்னு கொஞ்சம் குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க."

அத்தான் குனியவில்லை. பின் இறக்கையை இன்னும் செங்குத்தாக நிமிர்த்தினார். காற்று வாலைத் தரையோடு அழுத்தும் என்று கணக்கு. பின் டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். ரப்பர் அகலமாகத் தரையில் படியும். இரண்டும் தவறான வைத்தியம் இல்லை. ஆனால் நோய் எதுவென்று தெரியாமல் கொடுத்த மருந்து.

இரண்டாவது ஓட்டத்தில் மறுபடியும் வால் போனது. இந்த முறை அக்கா எதிர்த்திசையில் ஸ்டியரிங்கை வெட்டிப் பிடித்துவிட்டாள். திரும்பி வந்து கையுறையைக் கழற்றினாள். தண்ணீர்ப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப காலை எடுக்கக்கூட இல்ல, லேசா தளர்த்தினேன். அவ்வளவுதான். நாய் வாலை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம் போல, இதை முடியாது."

"இடப்பக்க வளைவுல எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"தண்டவாளத்துல போற மாதிரி போகுது. வலது திரும்பினாதான் பேய் பிடிக்குது."

அந்தப் பதில் என்னை உலுக்கியது. வால் பொதுவாகவே பிடிமானம் இல்லாமல் இருந்தால் இரண்டு பக்கமும் வீச வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் வீசுகிறது. அப்போது பாரம் முழுக்க விழுவது இடது பின்சக்கரத்தின் மேல்.

நான் காரின் பின்னால் உட்கார்ந்தேன். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவே விரல்களை விட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டு விரல் இறுக்கமாக நுழைந்தன. இடப்பக்கம் மூன்று விரல் நுழைந்தும் இடமிருந்தது.

"இடது பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்குது அத்தான்."

"சீட் வலப்பக்கம் இருக்கு. வலப்பக்கம் தணிஞ்சுதான் நிக்கும். இதுகூடத் தெரியாமயா மாப்ள இவ்வளவு நாளா என் கூட இருக்க?"

"சீட்ல யாரும் இல்லையே."

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே தவழ்ந்தேன். சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு பிணைக்கிற இரும்புக் கை ஒன்று உண்டு. அந்தக் கை அசையும் மூட்டில் புஷ் என்கிற ரப்பர் உருளை இருக்கும். நடுவே ஒரு போல்ட். இடப்பக்கப் புஷ் கிழிந்திருந்ததால் முந்தின நாள் சாயங்காலம்தான் அத்தான் புதிதாக மாற்றியிருந்தார். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். புத்தம் புது ரப்பர், பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது.

போல்ட்டின் தலையிலிருந்து இரும்புச் சட்டம் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு.

எங்கள் பட்டறையின் சட்டம் அது. ஒரு போல்ட்டைச் சரியான அளவுக்கு முடுக்கியதும் அத்தான் மெல்லிய தூரிகையால் அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். கோடு உடையாமல் இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். கோடு போட்ட போல்ட்டை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டவன்தான் அந்தக் காருக்கு ஜவாப்தாரி. நல்ல வழக்கம்தான், அதனால் ஒரு போல்ட்கூட எங்களுக்குக் கழன்றதில்லை. ஆனால் அதிலே ஒரு கெடுதலும் இருந்தது. கோட்டைப் பார்த்த கண் அதற்குமேல் எதையும் பார்ப்பதில்லை. அவர் கண்ணும்தான்.

வெளியே வந்தேன்.

"அத்தான், நேத்து அந்த போல்ட்டை முடுக்கும்போது வண்டி ஜாக்கியிலயா இருந்துச்சு?"

"ஏன்?"

"சக்கரம் காத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சா, தரையில நின்னுச்சா?"

அவர் முகம் இறுகியது. "கோடு போட்டாச்சா இல்லையா?"

"போட்டிருக்கு."

"அப்ப முடிஞ்சுது."

"சக்கரம் தொங்கும்போது முடுக்கினா ரப்பர் அந்த நிலையிலயே கெட்டியாப் பிடிச்சுக்கும். இறக்கினதும் முறுக்கிக்கும். ஒரு ஸ்பிரிங்கு கூடச் சேர்ந்த மாதிரி அந்த மூலை மட்டும் விறைச்சு நிக்கும். வலது திரும்பினா பாரத்தை மெதுவா வாங்காது அத்தான். படக்குனு வாங்கி, படக்குனு விட்டுடும்."

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

"பாடம் இல்ல. தளர்த்தட்டுமான்னு கேக்குறேன்."

ஒலிபெருக்கி மூன்றாவது ஓட்டத்துக்கான முதல் அழைப்பைச் சொன்னது. அக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தளர்த்து," என்றாள்.

"அந்தக் கோட்டை உடைச்சா நான் பொறுப்பில்ல," என்றார் அத்தான். அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "திரும்ப முடுக்க நேரம் பத்தலன்னா அவ அரைகுறை போல்ட்டோட போவா. அப்புறம் என்ன ஆனாலும் உன் தலையிலதான். யோசிச்சுக்க."

யோசித்தேன். என் கணிப்பு தப்பென்றால், சரியாக இருந்த மூட்டு இணைப்பை நானே கலைத்து, என் அக்காவை அந்தச் சுவரை நோக்கி அனுப்புகிறேன். சரியென்றால், கலைக்காமல் விட்டாலும் அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் சுவர்தான்.

"அக்கா, சீட்ல உக்காரு."

"எதுக்கு?"

"உன் பாரமும் சேர்ந்துதான் முடுக்கணும்."

"என் பாரத்தை ஊருக்கே சொல்லு," என்று முணுமுணுத்தபடி ஏறி உட்கார்ந்தாள்.

நான்கு சக்கரத்துக்கும் அடியில் தடித்த மரக்கட்டைகள் வைத்து, காரை அதன் கால்களிலேயே உயரமாக நிறுத்தினேன். அடியில் படுத்தேன். ஸ்பேனரை மாட்டி முழு பலத்தோடு இழுத்தேன். வெள்ளைக் கோடு இரண்டாகப் பிளந்தது. இன்னும் ஒரு இழுப்பு.

"கிர்ர்ரக்."

என் முகத்துக்கு நேர் மேலே கார் இறங்கியது. அதிகம் இல்லை, ஒரு விரல் அளவு. படுத்திருந்தவனுக்கு உயிரே போய்த் திரும்பியது. முறுக்கியிருந்த ரப்பர் சோம்பல் முறித்தது போலத் தளர்ந்து வட்டமானது.

"என்னடா அது?" அக்காவின் குரல் தரைத்தகட்டின் வழியாக வந்தது. "வண்டி உக்காந்துடுச்சு!"

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அத்தானின் செருப்பு தெரிந்தது. பிறகு முழங்கால். பிறகு முகம். எதையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் அந்த ரப்பரையே பார்த்தார்.

"மழை வந்துச்சு," என்றார் மெதுவாக. "ஜாக்கியை இறக்கிட்டு அப்புறம் கடைசி முடுக்கு முடுக்கலாம்னுதான் நெனச்சேன். அவசரத்துல தொங்கும்போதே முடுக்கி, கோட்டையும் போட்டுட்டு உள்ள ஓடிட்டேன்." பிறகு "நகரு" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்தார்.

இரண்டாவது அழைப்பு ஒலித்தது.

போல்ட்டை முடுக்கியதோடு வேலை முடியவில்லை. மூலை தணிந்ததால் பின்சக்கரத்தின் திசையும் மாறியிருக்கும். பின்சக்கரங்களின் முன்விளிம்பு ஒரு மயிரிழை உள்நோக்கி இருந்தால் வால் நேராக ஓடும். வெளிநோக்கிப் போனால் கார் தன் வாலையே துரத்தும். காரின் பக்கவாட்டில் நீளமாக நூல் கட்டினேன். அத்தான் கீழே படுத்தபடி சக்கரத்தின் திசையை மாற்றும் திருகைத் திருகினார், நான் நூலிலிருந்து அளந்தேன்.

"வெளிய இருக்கு. திருகுங்க. இன்னும். இன்னும். போதும், போதும்! கொஞ்சம் திருப்புங்க."

"போதும்னா ஒரு தடவை சொல்லு. கை வழுக்குது."

"போதும்."

"பின்னாடி குறுக்குக் கம்பியையும் ஒரு ஓட்டை தள்ளி மாட்டித் தளர்த்திடுறேன்," என்றார். "ரெண்டு சக்கரமும் தனித்தனியாத் தரையைப் பிடிக்கட்டும்."

"நேரமாச்சு," என்றாள் அக்கா மேலிருந்து. "நீங்க ரெண்டு பேரும் அங்கேயே குடித்தனம் நடத்துங்க, நான் கிளம்புறேன்."

இறக்கையை அத்தான் பழைய நிலைக்கே கொண்டுவந்தார், டயர்களில் காற்றையும் ஏற்றினார். மாற்றியது ஒன்றாக இருந்தால்தான் பலன் எதனால் என்று தெரியும் என்பது அவர் கொள்கை. காலையில் போலவே கம்பி விஷயத்திலும் பயம் அந்தக் கொள்கையை மீறிவிட்டது. கட்டைகளை எடுத்தோம். கடைசியாக அவர் ஜன்னலுக்குள் குனிந்தார்.

"மாமியார்ல காலை எடுக்காத. கெஞ்சிக் கேக்குறேன்."

அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

முதல் சுற்று டயர் சூடாக மெதுவாகப் போனது. இரண்டாவது சுற்றில்தான் அவள் வேகம் எடுத்தாள். நேர்ப்பாதையில் எங்களைக் கடந்தபோது கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பிறகு கார் சரிவுக்குள் மறைந்தது. இன்ஜின் முழுக்குரலில் பாடிக்கொண்டே போனது. நானும் அத்தானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சத்தம் அறுந்தது.

தணியவில்லை, அறுந்தது. முழுக் காலையும் எடுத்தால்தான் அப்படி அறும். அத்தான் என் தோளைப் பிடித்தார். விரல் எலும்பில் பதிந்தது. டயர் கிறீச்சிடப்போகிறது என்று காதை அந்தப் பக்கமே வைத்திருந்தேன். காற்று மட்டும் வந்தது. எங்கோ ஒரு தகரம் படபடத்தது.

பிறகு இன்ஜின் எழுந்தது. கீழிருந்து, படிப்படியாக, எந்த அவசரமும் இல்லாமல்.

அத்தான் கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மிச்சச் சுற்றுகளை அவள் சுத்தமாக ஓட்டினாள். ஆனால் நேரப் பலகையில் அவள் பெயர் இரண்டாவதாக வந்தது. முதலாவதாக வந்தவனுக்கும் அவளுக்கும் இடையே இருந்தது கண் இமைக்கும் வித்தியாசம். அந்தப் பெரிய குழுவின் ஆள் அவனிடம் போய்க் கைகுலுக்குவதை நாங்கள் மூவருமே பார்த்தோம்.

அத்தான் காரின் கதவைத் திறந்தார். "இன்ஜின்ல ஏதாவது கோளாறா? ரெண்டாவது சுத்துல சத்தம் நின்னுச்சே?"

"நான்தான் காலை எடுத்தேன்."

"எடுக்காதன்னு கெஞ்சினேனே!"

"வேணும்னேதான் எடுத்தேன். வளைவுக்கு நட்ட நடுவுல, முழுசா."

"உனக்கு மூளை இருக்கா? அந்த ஒரு சுத்துதான் டயர் சரியான சூட்டுல இருந்துச்சு. அதுலதான் முதல் இடமே போச்சு!"

"தெரியும்." அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "எடுக்காம ஓட்டி ஜெயிச்சிருந்தா, கோளாறு என் கால்லதான்னு நீங்க சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பீங்க. நானும் அதையே நம்பிடுவேன். அதுக்கப்புறம் எந்த காரை நம்பி உக்கார்றது?"

அத்தான் கையை நீட்டினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கிய பிறகும் அவர் அந்தக் கையை விடவில்லை.

"வால் எப்படி இருந்துச்சு?" என்று கடைசியில் கேட்டார்.

"இருக்கிறதே தெரியல," என்றாள்.