தண்ணிக்குக் கழித்தது போக

கவிஷாவின் இடுப்புத் துணியை நான்காக மடித்து, நடுவில் பழைய துவாய் ஒன்றை வைத்து, இரண்டையும் வெந்நீரில் முக்கி எடுத்தேன். பிழியவில்லை. சொட்டாமல் இருக்கிற அளவுக்கு உள்ளங்கையால் ஓர் அழுத்து, அவ்வளவுதான். பிள்ளையைப் பாயில் கிடத்தி, அதைச் சுற்றிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் ஜட்டியை இழுத்து மாட்டினேன். பதினான்கு மாதப் பிள்ளை, காலை உதைத்து ஆர்ப்பாட்டம் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இரண்டு நாளாக இருமல். கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள். சூடு அதிகமா என்று முழங்கையை விட்டு மூன்று தடவை பார்த்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கொடுமைக்காரி இல்லை. அன்று மத்தியானம் வரை எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது.

தராசை ஏமாற்றுவது எனக்குப் புதிதில்லை. மூத்தவள் லக்ஷிகா பிறப்பதற்கு முன்னால் நான்கு வருடம் இதே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் நான். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், “தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டேன்” என்பார். வெயில் நாளிலும் சாக்குக்கு என்றோ முற்றலுக்கு என்றோ எதையாவது கழிக்காமல் விடமாட்டார். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எப்படியும் கழிக்கத்தானே போகிறார்கள் என்று, போகிற வழியில் மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் பையை ஒரு முக்கு முக்கிக்கொண்டு போவோம். எது எவ்வளவு தண்ணீர் குடிக்கும், குடித்தால் எவ்வளவு கனம் ஏறும் என்பதெல்லாம் தோளுக்குத் தெரியும். அன்று காலை நனைந்த துணியைக் கையில் ஏந்திப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன், அரைக்கிலோ இருக்கும்.

இப்போது எனக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. நடுவிலான் துஷாந்த் பிறந்த பிறகு வேலைக்குப் போன நாள் குறைவு என்று பதிவிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். பேர் இல்லாதவளின் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான மடுவத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளையை மடுவத்தில் விட முடியாதவள் மறுபடி பேர் பதிய முடியாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நல்ல கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். ஆக, நான் வீட்டில் சும்மா இருக்கிறேன். பீலியிலிருந்து பன்னிரண்டு குடம் தண்ணீர், விறகு, மூன்று பிள்ளைகளின் துணி, வாரம் முழுக்க மழையில் காயாத அதே துணி, ஒன்று தூங்கும்போது இன்னொன்று எழுந்திருப்பது, எழுந்தது தூங்கியதை எழுப்புவது. கணவர் விஜிதரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். பிள்ளைகள் முதல் அரை நாள் அவரைக் கண்டு வெட்கப்படுவார்கள், வெட்கம் தெளியும்போது அவருக்கு பஸ் வந்துவிடும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ராக்காயி அக்கா சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வரும்போது கேட்பார், “என்னா ஜீவா, சும்மாதான இருந்த, எங்க வெறகையும் ரெண்ட உள்ள எடுத்துப் போட்டா கை தேஞ்சிருமா?” நல்ல மனுஷி. கேலிக்குத்தான் கேட்பார். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

போன மாத நிறுவையில் கவிஷா ஆறு கிலோ தொள்ளாயிரம். அதற்கு முந்தின மாதம் ஏழு. மிட்வைஃப் ஷிராணி மிஸ் கார்டில் கோட்டைக் கீழே இழுத்துவிட்டு, பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தார். “எறங்கிக்கிட்டே போகுது ஜீவராணி. அடுத்த மாசமும் கூடலேன்னா நான் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிருவேன். பத்து நாளாவது நீங்களும் வாட்டுல நிக்க வரும்.” அக்கறையில்தான் சொன்னார். அவர் தந்த திரிபோஷா சத்துமா கவிஷாவுக்கு மட்டுமானது. அதை உருண்டை பிடித்தால் மூன்று வாய் திறக்கிறது. ஒரு வாயை மட்டும் பார்த்து ஊட்டத் தெரிந்த அம்மா எங்காவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

வாட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கவிஷா பிறந்த புதிதில் மஞ்சள் காமாலை என்று ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். விஜிதரன் இரண்டு நாள் வீட்டில் நின்றார், அதற்குமேல் முதலாளி விடவில்லை. மூன்றாம் நாள் துஷாந்தைக் காணவில்லை. அப்போது அவனுக்கு இரண்டு வயது. லயமே திரண்டு தேடி, பொழுது சாயும் நேரத்தில் தேயிலைக்கு நடுவில் இருக்கிற வடிகால் கானுக்குள் கண்டெடுத்தார்கள். மழைத் தண்ணீர் இடுப்பு வரை, கத்திக் கத்திக் குரல் போயிருந்ததாம். நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவனை முந்தானையில் முடிந்துகொண்டே திரிந்தேன். ஒன்றைக் காப்பாற்றப் போனால் இரண்டை விட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்கு விடை வரவில்லை. ஒரு மாதம் தவணை கிடைத்தால் போதும், அதற்குள் எதையாவது ஊட்டித் தேற்றிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குத்தான் அந்த அரைக்கிலோ.

நிறுவை ஒன்பது மணிக்கு என்றார்கள். துஷாந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கவிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டே முக்காலுக்கே மடுவத்துக்குப் போய்விட்டேன். பத்து மணியாகியும் ஷிராணி மிஸ் வரவில்லை. மேல் ரோட்டில் மண் சரிந்து ஓட்டோ நிற்கிறதாம், நடந்து வருகிறாராம் என்று யாரோ சொன்னார்கள். பனி உள்ளே வந்து எதிர் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் மங்கிவிட்டது. துணியின் சூடு வீட்டை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே போயிருந்தது. என் இடுப்பில், சேலைக்கு ஊடாகவே, அந்தக் குளிர் எனக்குத் தெரிந்தது. அவிழ்த்துவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். அவிழ்த்தால் ஆறு தொள்ளாயிரம்கூட இருக்காது, அது என் கைக்குத் தெரிந்திருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். என் சுவெட்டரைக் கழற்றி அவள்மேல் போட்டேன். பிள்ளை இருமினாள், நடுங்கினாள், பிறகு நடுக்கம் நின்றது. நின்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பன்னிரண்டேகாலுக்கு ஷிராணி மிஸ் முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். தராசு கூரை மரத்தில் தொங்கியது. நாற்பது பிள்ளைகள் வரிசையில், எல்லாம் ஒரே குரலில் அழுதன. எங்கள் முறை வந்தது.

“சட்டைய மட்டும் கழட்டுங்க. இந்தக் குளிருல துணிய அவுக்க வேணாம்.” பிள்ளையைத் தராசுத் தொட்டிலில் வைக்கும்போது அவர் கை பின்பக்கத்தில் பட்டது. “ஐயோ, நனைச்சிட்டாளே.”

“இப்பத்தான் மிஸ் போனா.”

முள் ஆடி ஆடி ஏழு இருநூறில் நின்றது.

“ஹரி!” என்று சிங்களத்தில் சரி சொன்னார். “பாத்தீங்களா? முன்னூறு கூடியிருக்கு.” ஷிராணி மிஸ் கார்டில் புள்ளி வைத்துக் கோட்டை மேலே இழுத்தார். பிறகு அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தார். “வீட்டுல இருந்து புள்ளைய ஒழுங்கா கவனிச்சா இப்பிடித்தான் கூடும். ஜீவராணியப் பாத்து மத்தவங்களும் படிங்க.”

நாற்பது பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி கைகூடத் தட்டினாள். கலியாணமாகி எட்டு வருடத்தில் நான் செய்த ஒரு காரியத்தை யாரும் நாலு பேர் முன்னால் நல்லது என்று சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொய் என்று தெரிந்தும் மனசு குளிர்ந்துபோய்த்தான் படியிறங்கினேன்.

வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்தேன். தொடை இரண்டும் வெளுத்து, விரல் நுனி தண்ணீரில் ஊறினால் ஆகிற மாதிரிச் சுருங்கியிருந்தன. கால் விரல்கள் நீலம். உலர்ந்த துணியால் தேய்த்தேன், அடுப்புக்குப் பக்கத்தில் மடியில் வைத்து ஊதினேன், பால் கொடுத்தேன். வாயை வைத்தாள், இழுக்கத் தெம்பில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. லக்ஷிகா அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையோடு வாசலில் நின்றாள். “அம்மா, பாப்பா ஏன் இப்பிடி சத்தம் போடுறா?” என்றாள். மூன்றையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இறங்கி ஓடினேன்.

டிஸ்பென்சர் ஐயா சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் துண்டுச் சீட்டு எழுதித் தந்தால்தான் தோட்டத்து லொறி பிள்ளையை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றும். மண் சரிந்த ரோட்டில் வேறு வாகனமும் வராது. பிள்ளையைப் பார்க்கும் முன்னால் கையை நீட்டினார், “கார்ட் எங்க?” கொடுத்தேன்.

“இன்னிக்கித்தான நிறுத்திருக்காங்க. முன்னூறு கூடியிருக்கே புள்ள.” என் முகத்துக்கு நேரே அந்தக் கோட்டைக் காட்டினார். “சீக்குப் புள்ளைக்கு எங்கயாச்சும் நிறை கூடுமா? பனிக்காலம், சளி இருக்கத்தான் செய்யும். இருமல் பாணி தாரேன், மூணு வேள குடுங்க.”

“இல்லீங்கய்யா, மூச்சு இழுக்குது. துண்டு எழுதிக் குடுங்க.”

“வர்றவங்க அம்புட்டுப் பேரும் துண்டுதான் கேக்குறீங்க. நாளைக்கி எனக்குத்தான் பேச்சு. கார்ட்ல மிஸ்ஸே எழுதியிருக்காங்க, நல்லா இருக்குன்னு.”

அவர் பாணிப் போத்தலை எடுக்கத் திரும்பினார். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். பாணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், மூன்று பிள்ளைகளும் என் கண் முன்னாலேயே இருந்திருக்கும், நாற்பது பெண்களுக்கு முன்னால் வாங்கிய பெயரும் இருந்திருக்கும். கவிஷா என் தோளில் பூனைக்குட்டி மாதிரி முனகினாள்.

“ஐயா, அதுல அரைக்கிலோ தண்ணிங்க.”

“என்னா?”

“துணிய நனைச்சுக் கட்டுனேன். தண்ணிக்குக் கழிச்சிட்டுப் பாருங்கய்யா.”

அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருடம் தோட்டத்தில் இருக்கிற மனிதர். போத்தலை வைத்துவிட்டு வந்தார். கவிஷாவின் சட்டையைத் தூக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள்ளேயே அவர் முகம் மாறிவிட்டது. “கொழுந்துன்னு நெனச்சிட்டியா புள்ள?” என்றார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். பிறகு துண்டை எழுதினார். கொழுந்து லொறி டிரைவருக்கு அவரே போன் செய்தார்.

லொறி வந்தது. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். “இதுக ரெண்டையும் வாட்டுல விடமாட்டாங்க,” என்றார் ஐயா. “லயத்துல ஆரும் இருக்காங்களா?”

“நாலரைக்கு ராக்காயி அக்கா வந்துருவாங்க.”

மணி இரண்டே முக்கால். மலைக்கு ஆள் அனுப்பி ராக்காயியிடம் சொல்லச் சொல்கிறேன் என்றார் ஐயா. நான் லக்ஷிகாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். ஆறு வயது. “தம்பி கைய விடக்கூடாது. அக்கா வீட்டு வாசல்லயே ரெண்டு பேரும் இருங்க. எங்கயும் போகக்கூடாது, சரியா?” தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் பெரிய மனுஷி மாதிரி நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. துஷாந்த் என் சேலையைப் பிடித்திருந்தான், அவன் விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்துவிட்டாள்.

லொறி புறப்பட்டு இறக்கத்தில் திரும்பியது. பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தம்பியை ஒரு கையில் இழுத்துக்கொண்டு லக்ஷிகா ரோட்டோரமாக ஓடி வந்தாள்.

“அம்மா! சோத்துக்கு எத்தன டம்ளர் தண்ணி ஊத்தணும்?”

“வேணாம்! அடுப்புக்கிட்ட போகாத! வேணாம்!” என்று கத்தினேன். லொறிச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விரலை விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன்.

அவள் நின்றுவிட்டாள். என் கையை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் அகல விரித்து எனக்குத் திருப்பிக் காட்டினாள். புரிந்துவிட்டது என்று பலமாகத் தலையை ஆட்டிவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு லயத்துப் படியில் வேகமாக ஏறத் தொடங்கினாள்.