அடக்கிய இருமல்

ஒலிவ எண்ணெய் ஆலைக் கதவின் சாவித் துவாரத்தில் இந்த ஆண்டும் யாரோ கூழை அடைத்திருந்தார்கள். சகல புனிதர்களின் திருநாள் இரவில் எங்கள் ஊர்க் கதவுகளுக்கெல்லாம் நடப்பதுதான். ஆவிகள் உள்ளே வரக்கூடாதாம். என் புருஷன் பால்தோ பேனாக்கத்தியால் சுரண்டி, விரலில் எடுத்து முகர்ந்தான். சோம்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய கூழ், தள்ளி நின்ற எனக்கே மூக்கைத் துளைத்தது. அவன் மறுபடியும் முகர்ந்தான்.

"ஒண்ணும் இல்ல காசில்தா. இன்னிக்காவது வந்துரும்னு பாத்தேன்."

போன குளிர்காலத்துக் காய்ச்சலில் போன மோப்பம். காய்ச்சல் விட்டது, மூக்கு திரும்பவில்லை. வேறு யாருக்கென்றாலும் போகட்டும் என்று விட்டிருக்கலாம். இவன் ஆலை மேஸ்திரி. மலைச்சரிவு முழுவதும் விளைகிற எண்ணெய் இவன் மூக்கைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் தரமானால் முதல் தொட்டி, கெட்டதென்றால் சுத்திகரிக்க அனுப்புகிற கடைசித் தொட்டி. கசப்பு இவன் நாக்குக்குத் தெரிகிறது, காரம் தொண்டைக்குத் தெரிகிறது. ஊசிப்போனது மட்டும் தெரிவதில்லை, அதற்கு மூக்கு வேண்டும்.

"பேசாம சொல்லிரேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"சொல்லிட்டு? நாளைக்கு சக்கை அள்ளவா?" என்பான்.

அதனால் ஓர் ஏற்பாடு. அவன் ருசி பார்த்ததும் குவளையை என்னிடம் நீட்டுவான், நானும் ஒரு வாய் உறிஞ்சுவேன். நல்ல எண்ணெய் என்றால் இருமுவேன், கெட்டதென்றால் இருமமாட்டேன். புது எண்ணெய்க்கு இருமுவது எங்கள் ஊரில் கைதட்டுவது மாதிரி, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சமையலறையில் வைத்துப் பழகியும் பார்த்துவிட்டோம். ஆனாலும் அன்று காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெருக்கிய தரையையே திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குமேல் ஆலை நிரம்பிவிட்டது. ஆற்றங்கரை எவுத்திமியோவின் எண்ணெய் முதலில் வந்தது. அவன் தோப்பும் பிக்குவால் ஜாதி மரம்தான், எங்கள் சரிவிலிருப்பதும் அதே பிக்குவால்தான். ஆனால் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்கிற மரம் வேறு, பாறையிடுக்கில் வேரைவிட்டுத் தாகத்தோடு நிற்கிற மரம் வேறு. அவனுடையது சுத்தமாக இருந்தது, தக்காளி இலையைக் கசக்கின வாசம். காரம் மட்டும் குறைவு. நான் சின்னதாக இருமினேன்.

"மரியாதைக்கு இருமுறா!" என்று கத்தினான் என் தம்பி நிக்காசியோ. "எவுத்திமியோ, ஒன் எண்ணெய கொழந்தைக்குத் தலையில தேய்க்கலாம்யா. தொண்டைக்கு ஆகாது."

"ஒன் எண்ணெய் வரட்டும், பாப்போம்" என்றான் எவுத்திமியோ.

இந்த ஆண்டு முதல் தொட்டியைச் சரிவின் பெயரிலேயே புட்டியில் அடைக்கப்போகிறார்கள். அதில் முதலில் இறங்குவது தன் எண்ணெய்தான் என்று நிக்காசியோ கோடை முழுவதும் மதுக்கடையில் பேசிப் பேசியே சாதித்திருந்தான். அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்காயிற்று.

பால்தோ தம்பியின் எண்ணெய் இருந்த நீலக் குவளையை உள்ளங்கையால் மூடிச் சூடேற்றினான், முகர்வதுபோல் முகர்ந்தான், உறிஞ்சினான். கண் லேசாகக் கலங்கியது. காரம் அவனை எட்டிவிட்டது. குவளை என் கைக்கு வந்தது.

மூக்கருகே கொண்டுபோனதுமே ஒரு நாற்றம் அடித்தது. கட்டி வைத்த ஈரச் சாக்கின் புளித்த வாடை. பாவி, திருநாளுக்கு முன்பே பறித்திருக்கிறான். ஆலை பூட்டியிருந்த நாளெல்லாம் காயைப் பரப்பிப் போடாமல் மூட்டையிலேயே வேகவிட்டிருக்கிறான். ஏன், கொட்டிலில் இடமில்லையா, சோம்பலா? இதைத் தொட்டியில் விட்டால் சரிவில் எல்லாருடைய எண்ணெயும் நாறும். விடாவிட்டால், எவுத்திமியோவின் முன்னால் என் தம்பி.

உறிஞ்சினேன். விழுங்கினேன். அப்போதுதான் எனக்கு விபரீதம் புரிந்தது. காய் கெட்டிருந்தாலும் காரம் சாகவில்லை. பாறை கொடுத்த காரம் தொண்டையில் நெருப்பாக ஏறியது. இருமல் நெஞ்சுக்குழியிலிருந்து முட்டிக்கொண்டு வந்தது. சமையலறையில் நாங்கள் இதை யோசிக்கவே இல்லை.

உதட்டைக் கடித்தேன். கண்ணில் நீர் பொங்கிக் கன்னத்தில் இறங்கியது.

"பாத்தீங்களா!" நிக்காசியோ குதித்தான். "எங்கக்காவுக்குக் கண்ணே ரொம்பிருச்சு. இதான்யா எண்ணெய்! எழுது மச்சான், எழுது!"

பால்தோ சாக்பீஸோடு கரும்பலகைமுன் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவன் முகத்தில் அப்படி ஒரு தவிப்பை நான் கண்டதில்லை. ஒரேயொரு இருமல், தம்பி ஜெயித்துவிடுவான். அடக்கினால் உயிர் போய்விடும்போல் இருந்தது. ஏதாவது சொல்லலாமென்றால் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் இருமல்தான் வரும். கண்ணை அவன் கண்ணிலிருந்து எடுக்காமல், மூச்சை நிறுத்தி, அப்படியே நின்றேன்.

அவன் முகம் மெதுவாக இறுகியது. பலகைப் பக்கம் திரும்பினான்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். கதவு சாத்துமுன்பே சாக்பீஸ் கீறுகிற சத்தம் கேட்டது. "கடைசித் தொட்டியா!" என்று உள்ளே எவுத்திமியோ கேட்டது காதில் விழுந்தது. தம்பியின் டிராக்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வர, குனிந்து குனிந்து இருமினேன். இறக்காத மூட்டைகள் மிச்சமிருந்தன. விழாமலிருக்க ஒன்றின்மேல் கையை ஊன்றினேன். காய்ச்சல்காரக் குழந்தையின் முதுகுபோல் அது சுட்டது.

பின்னால் கதவு திறந்தது. சரளைக்கல்லில் யாரோ நடந்து வந்தார்கள், தம்பியா பால்தோவா தெரியவில்லை. இருமல் நிற்காமல் என்னால் திரும்பமுடியவில்லை.